குண்டூசி இல்லாத ஊர்

கொஞ்சம் நகந்து உக்காருங்க தம்பி. நானும் கலெக்டராபீஸ் ஸ்டாப்புதான். கண்டக்டர் என்னையப் பாத்துப் பாத்து ஏன் சிரிக்கறாருன்னு யோசிக்கறீங்களா? என் கையில மனு இல்லீங்க, அதான். பத்துப் பதினோரு வருசமா திங்கக்கெழமையானா இதே ஒம்போது மணி பஸ்ஸுல கலெக்டருக்கு மனுவோட, பட்டறைங்க இருந்த வரைக்கும் சாயத்தண்ணி பாட்டிலோடயும் ஏறுன ஆளு நானு. இன்னிக்கு வெறுங்கைய வீசிட்டு ஏறவும் அவருக்குத் தாங்கல. ஏனுங்க, ரிட்டயர் ஆயிட்டீங்களான்னு கேக்கறாரு. ரிட்டயரெல்லாம் இல்லீங்க. இன்னிக்கு நான் வேடிக்கை பாக்கப் போறேன். காலையிலிருந்து உள்ளுக்குள்ள ஒரே குதியாட்டமா இருக்குது. யாருகிட்டயாச்சும் சொல்லலீன்னா எனக்கு வயிறு வெடிச்சிரும். நீங்க மாட்டுனீங்க.

என் பேரு சென்னியப்பன். ஊரு காட்டுவலசு. ஆமாங்க, அதே காட்டுவலசுதான். பேப்பர்ல வந்துதுல்ல, அந்த ஊருதான். பாருங்க, ஊர்ப்பேரச் சொன்னதும் நீங்களே ஒரு சாண் தள்ளி உக்காந்துட்டீங்க. பரவால்லீங்க, எனக்குப் பழகிப்போச்சு.

எங்கூர்ல ஏழு சாயப்பட்டறை இருந்துதுங்க. பனியன் துணிக்குச் சாயம் போட்ட தண்ணிய சுத்தம் பண்ணித்தான் வெளிய விடோணும்னு சட்டம். சுத்தம் பண்றதுக்கு மிசினும் வெச்சிருந்தாங்க, இல்லீன்னு சொல்லப்படாது. ஆப்பீசருங்க வந்தா மிசின் ஓடும். அவங்க ஜீப்பு திரும்புனா மிசின் நிக்கும். அந்தத் தண்ணியத் தொட்டியில ரொப்பி வெச்சுட்டு, மழை எப்ப வரும் மழை எப்ப வரும்னு வானத்தப் பாத்துட்டு இருப்பாங்க. விவசாயி நான், எனக்குக்கூட மழை மேல அத்தனை ஆசை இல்லீங்க. நாலு தூத்தல் போட்டாப் போதும், தொறந்து வாய்க்கால்ல விட்டுருவாங்க. மழைத்தண்ணியோட போயிருமாம்! எங்க போகும்? எங்கெணத்துக்குத்தான் போகும். ஒரு நாளைக்கு நீலம், ஒரு நாளைக்குச் செவப்பு. வாழை வெச்சேன், குருத்து கருகிருச்சு. மாட்டுக்குத் தண்ணி காட்டுனா, மாடு மோந்து பாத்துட்டு என் மூஞ்சியப் பாக்குது, மொதல்ல நீ குடிச்சுக் காட்டுங்கற மாதிரி.

அன்னிக்கு எழுதுனதுதானுங்க முதல் மனு. நான் சொல்லச் சொல்ல எழுதுனது எம்மக மைதிலி. அப்ப எட்டாவது படிச்சுட்டு இருந்தா. கையெழுத்து அப்பிடியே அச்சடிச்ச மாதிரி இருக்கும். "சமூகத்திற்கு" அப்பிடீன்னு அவ போடற அழகப் பாத்தா, கலெக்டர் அதுக்கே ஒருதடவ எந்திரிச்சு நிக்கோணும். திங்கக்கெழமை குறைதீர் கூட்டம்ல, மனுவும் பாட்டிலுமா போய் நின்னேன். வாசல்ல போலீஸ்காரரு நிறுத்திட்டாரு. பாட்டில்ல மண்ணெண்ணெய் கொண்டாந்திருப்பேனாம், மேல ஊத்திக்குவேனாம். மூடியத் தொறந்து நல்லா இழுத்து மோந்தாரு பாருங்க. மூணு நாள் லீவு போட்டாராமா. அதுக்கப்பறம் என்னைய ஒருத்தரும் சோதிக்கறதில்லீங்க. நான் வந்தாலே வழி விட்டுருவாங்க.

அப்பிடியே வாராவாரம். மழையோ வெயிலோ, ஊட்டுக்கு ஒரம்பரைச் சனம் வந்திருந்தாலும் சரி, திங்கக்கெழமைன்னா மனு. எம்மாமியார் செத்த மறுநாள் திங்கக்கெழமைங்க. போயிட்டு வந்துதான் சாம்பல் கரைச்சேன். வசந்தாமணி, அதான் எஞ்சம்சாரம், இன்னிக்கு வரைக்கும் அத மன்னிக்கல. சாயத்தண்ணிக்கு மட்டும் நானூத்திப் பதினோரு மனு. ரசீது அத்தனையும் இருக்குது.

தாங்குவாங்களா? ஒவ்வொருத்தனா மூட்டையக் கட்டுனாங்க. மூணு வருசத்துக்கு முன்னால கடைசிப் பட்டறைக்காரரு, கந்தவேல் முதலாளீன்னு பேரு, பாய்லர லாரியில ஏத்திட்டுப் போனாரு. நான் ரோட்டோரமா நின்னு கையசைச்சு வழியனுப்பி வெச்சனுங்க. அந்தச் சந்தோசம் இருக்குதே, எங்கலியாணத்தன்னிக்குக்கூட எனக்கு வரலீங்க. எங்க போனாங்களா? எல்லாரும் இதையே கேக்கறீங்க. போனாங்க, அவ்வளவுதான்! வாசல்ல வந்த பாம்பை வெரட்டுனா, அது எந்தப் பொந்துக்குள்ள போச்சுன்னு பின்னாலயேவா போயிப் பாப்போம்? அடுத்த மழைக்கே எங்கெணறு தெளிஞ்சுருச்சு. இப்ப வாழை நிக்குது பாருங்க, ஒவ்வொரு தாரும் ரெண்டாளு தூக்கோணும்.

இதுக்கப்பறந்தான் வெனை வந்துது. சுற்றுச்சூழல் ஆபீசுக்குப் புதுசா ஒரு ஆப்பீசர் வந்தாரு. நல்ல மனுசன், சுறுசுறுப்பு. மாவட்ட மேப்பு ஒண்ண செவுருல மாட்டி, பத்து வருசத்து மனுவெல்லாம் எடுத்து, ஒரு மனுவுக்கு ஒரு செவப்புக் குண்டூசி குத்தச் சொல்லிட்டாரு. எந்த ஊர்ல குத்தம் எச்சா நடக்குதுன்னு ஒரே பார்வையில தெரியோணுமாம். எங்கூரு அந்த மேப்புல ஒரு அவரை விதை தண்டிங்க. அதுல நானூத்திப் பதினோரு ஊசி எப்பிடி நிக்கும்? பக்கத்து ஊரு எல்லை வரைக்கும் குத்தி, எங்கூரு மட்டும் சண்டைச் சேவக் கொண்டையாட்டம் செவசெவன்னு எந்திரிச்சு நிக்குது. ஊர்ப்பேரே தெரியல. நான் அது பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டேன். அந்தப் போட்டோவோட பேப்பர்ல போட்டுட்டாங்க. "சுற்றுச்சூழல் குற்றங்கள்: மாவட்டத்தில் காட்டுவலசு முதலிடம்."

முதலிடம்னு படிச்சதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. லட்டு வாங்கி ஊரு பூரா குடுத்துட்டேன். பாதி ஊரு லட்டத் தின்னு முடிச்சதுக்கப்பறந்தான் பேப்பரப் படிச்சுது. அன்னிக்கு என்னைய வெரட்டுனாங்க பாருங்க, என் வாழைக்காட்டுக்குள்ள ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன்.

தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குது தம்பி, ஆனா ஊருக்குப் பேரு கெட்டுப் போச்சு. சந்தையில காட்டுவலசுத் தக்காளீன்னா கூடைய அப்பிடியே நகத்தி வெச்சுட்டுப் போறாங்க. அதுகூடப் போகுதுன்னு விடலாம். எம்மகளுக்கு வரன் பாக்க ஆரம்பிச்சோம். முதல்ல வந்தவங்க பொண்ணு லச்சணமா இருக்குது, ஆனா காட்டுவலசுத் தண்ணி குடிச்சு வளந்த பொண்ணாச்சேன்னு இழுத்தாங்க. ரெண்டாவது வந்தவங்க சாதகத்தோட சேத்துத் தண்ணி டெஸ்ட் ரிசல்ட்டும் கேட்டாங்க. மூணாவது வந்தவங்க எங்கூட்டுக் காப்பியத் தொடவே இல்லீங்க. வேன்ல கேன் தண்ணி கொண்டாந்திருந்தாங்க. அவங்க போனதும் வசந்தாமணி டம்ளர்களையெல்லாம் எடுத்துத் தொட்டியில போட்டுட்டுச் சொன்னா: "நீங்க குத்துன ஊசியெல்லாம் எம்பொண்ணு கழுத்துல ஏறி நிக்குது. அவளுக்கு ஒரு வழி பண்ணிட்டு இந்தூட்டுல சோறு கேளுங்க." சொன்ன மாதிரியே அன்னிக்குச் சோறும் போடலீங்க.

பசியில எனக்கு ஒரு ரோசனை வந்துது. அதக் கேளுங்க, அதுதான் சமாச்சாரமே. நேரா சுற்றுச்சூழல் ஆபீசுக்குப் போனேன். கிளார்க்கம்மா தலையக்கூடத் தூக்காம ரசீது புஸ்தகத்த எடுத்துருச்சு. இல்லம்மணி, மனு குடுக்க வரல, மாப்பிள்ளை பாக்க வந்திருக்கேன்னேன். மேப்புக்கு முன்னால போய் நின்னேன். ஊசி இல்லாத ஊரு எதுவோ அந்த ஊர்லதான் எம்பொண்ணு வாழோணும்! மூக்குக் கண்ணாடியத் தொடச்சுப் போட்டுட்டு மேல இருந்து கீழ வரைக்கும் தேடுனேன். அனேகமா எல்லா ஊர்லயும் ரெண்டோ மூணோ நிக்குது. ஒரு பத்துப் பாஞ்சு ஊர்ல மட்டுந்தான் ஒண்ணுமே இல்ல. அதுல வாய்க்காத் தண்ணி பாயற ஊரா, சொந்தபந்தம் எட்டற ஊரா சலிச்சுப் பாத்தா, வெள்ளக்கல்பாளையம். ஒத்த ஊசி இல்லீங்க. பாலூத்திக் கழுவி விட்டாப்பல இருக்குது. தரகருக்கு அங்கிருந்தே போன் போட்டேன். ஏனுங்க, மாப்பிள்ளை என்ன படிச்சிருக்கோணும், என்ன சோலி பாக்கோணும்னு கேக்கறாரு. ஒண்ணும் வேண்டாமப்பா, வெள்ளக்கல்பாளையத்துல இருக்கோணும், அது போதும்னேன்.

கெடைச்சாரு. தினகரன்னு பேரு, தங்கமான பையன். அப்பா நல்லசிவம், அம்மா சிவகாமி. கேன் தண்ணி யாவாரம், சொந்தமா டெம்போ. போய்ப் பாத்தமுங்க. அடடா, என்ன ஊருங்க! ஊட்டுக்கு ஊடு வாசல்ல நாலு கேன் நிக்குது. ஊரே கேன் தண்ணிதான் குடிக்குது. எத்தனை நாகரிகம் பாருங்கன்னு வசந்தாமணிகிட்டச் சொன்னேன். வெள்ளாமையே கண்ணுல படல. பண்ணையத்துல லோல்படாம நிம்மதியா இருக்கறாங்கன்னு நெனச்சேன். ஒரு வெள்ளாடு குறுக்க போச்சு, நாலு காலும் முட்டி வரைக்கும் ரோஸ் கலரு. நோம்பிக்கு மருதாணி வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன். ஏந்தம்பி சிரிக்கறீங்க? ஆட்டுக்கு யாராச்சும் மருதாணி வெப்பாங்களான்னு இப்பத்தான் எனக்கும் தோணுது. அன்னிக்கு என் கண்ணுல அந்த மேப்பு மட்டுந்தான் நின்னுது.

மைதிலி மட்டும் அந்த ஆட்டையே பாத்துட்டு இருந்தா.

உறுதி வார்த்தை அன்னிக்குத் தட்டு மாத்தியாச்சு. ஊருப் பெரிய மனுசர் வர்றாரு வர்றாருன்னு எல்லாரும் எந்திரிக்கறாங்க. யாருன்னு திரும்பிப் பாக்கறேன், கந்தவேல் முதலாளி! என்னையப் பாத்ததும் ரெண்டு கையும் கூப்பி ஓடியாந்து கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. "சென்னியப்பண்ணா! நீங்க இல்லீன்னா நாங்க இந்த ஊருக்கு வந்திருப்பமா? ஏழு பேரும் இங்கதானுங்க இருக்கறோம். இந்தூருச் சனம் தங்கம். மூணு வருசத்துல ஒரு மனு இல்லீங்க!"

கேட்டீங்களா தம்பி? ஒரு மனு இல்ல. மனு இல்லாத ஊர்ல எங்கிருந்துங்க ஊசி வரும்? ஏழு பட்டறைக்கு ஒருத்தன் மனு எழுதுனா நானூறு ஊசி. அதே ஏழு பட்டறைக்கு ஒருத்தனும் எழுதலீன்னா பாலூத்திக் கழுவுன ஊரு. பத்து வருசமா மனு எழுதுன எனக்கு இது தெரியல பாருங்க. நானே அடிச்சு வெரட்டி, வெரட்டுன எடத்துக்கே எம்மகளையும் சீரோட அனுப்பறேன்.

சம்மந்தி நல்லசிவம் என்னையத் தனியாக் கூப்பிட்டாரு. "கோவிச்சுக்காதீங்க. எங்கூர்ல மனு எழுதற பழக்கம் இல்லீங்க. பாதி ஊட்டு ஆம்பளைங்க அங்கதான் வேலைக்குப் போறாங்க. அதுமில்லாம, உங்கூரு பட்ட பாட்டப் பேப்பர்ல பாத்தோம்லீங்க. எங்க பசங்களுக்குப் பொண்ணு கெடைக்க வேண்டாமா? சம்மந்தம் ஆயிட்டா, நீங்க எங்கூரப் பத்தி மனு எழுதப்படாது. கற்பூரத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணோணும்."

நான் போய் மைதிலியக் கேட்டேன். வேண்டாங்கண்ணு, தட்டத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிரலாம், ஊரு சிரிச்சாச் சிரிக்கட்டும்னேன். அவ சாவகாசமா பூவைச் சரி பண்ணிக்கிட்டே சொல்றா: "சத்தியம் பண்ணுங்கப்பா. நீங்கதானே பண்றீங்க? நான் பண்ணலியே." எனக்கு அப்ப ஒண்ணும் வெளங்கல. மாப்பிள்ளையப் புடிச்சுப்போச்சாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன். புடிச்சுந்தான் போயிருந்துது, அது வேற. கற்பூரத்துல அடிச்சேன்.

ஆவணியில கலியாணம் முடிஞ்சுது. அதுக்கப்பறம் நான் பட்ட பாடு இருக்குதே. திங்கக்கெழமையானா கை பேனாவத் தேடுது. காட்டுவலசுல மனு எழுத ஒண்ணுமில்ல, வெள்ளக்கல்பாளையத்தப் பத்தி எழுதப்படாது. கரண்டுக் கம்பத்துல காக்கா கூடு கட்டுனதுக்கு ஒண்ணு எழுதுனேன். எங்கூர் நாய் பஸ்ஸப் பாத்துக் கொரைக்குதுன்னு ஒண்ணு எழுதுனேன். இந்தக் கண்டக்டர்தான் அத வாங்கிப் படிச்சுட்டு, நாயி எங்களப் பாத்துக் கொரைக்கலீங்க, உங்களப் பாத்துத்தான் கொரைக்குதுன்னாரு. வெளிய சிரிப்பேன். உள்ளுக்குள்ள வெசனம் தின்னுட்டு இருந்துது. மைதிலி வந்தா அவ கையப் பாப்பேன், காலப் பாப்பேன், எங்கயாச்சும் புண்ணு இருக்குதான்னு. என்னப்பா தேடறீங்கம்பா. ஒண்ணுமில்ல பாப்பாம்பேன். பெத்தவனாட்டம் அவகிட்ட மன்னிப்புக் கேக்கக்கூட எனக்குத் தைரியம் வரலீங்க.

ஐப்பசி மழை புடிச்சுது. அங்க தொட்டியத் தொறந்து விட்டாங்க. சம்மந்தியம்மா சிவகாமிக்கு மூணு வருசமா ரெண்டு காலுலயும் புண்ணு. அந்தம்மா செருப்புத்தான் சேரலீன்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டு இருந்துருக்குது. மைதிலி தெனமும் மருந்து போட்டு விட்டுட்டே பேச்சுக் குடுத்திருக்கறா. ஒரு நாள் அந்தம்மா, நீ எழுது சாமி, முதல் கையெழுத்து நான் போடறேன்னுருச்சாம். அப்பறம் நம்மூருப் பசங்களுக்குப் பொண்ணு கெடைக்காதேம்மான்னு சம்மந்தி பதறுனாராம். "நம்ம பையனுக்குத்தான் கெடைச்சுருச்சே!"ன்னுச்சாம் அந்தம்மா. அப்பறம் பக்கத்து ஊட்டம்மா, அதுக்குப் பக்கத்து ஊட்டம்மான்னு தெரு முழுக்க வந்துட்டாங்க. முப்பத்தாறு பொம்பளைங்க, ஆளுக்கொரு மனு, ஆளுக்கொரு பாட்டில். ஒரே நாள்ல முப்பத்தாறு ஊசி! நானே ஒரு நாளைக்கு ஒண்ணுக்கு மேல குத்துனதில்லீங்க. சம்மந்தி ரெண்டு நாள் சோறு திங்கலியாம். மூணாவது நாள் டெம்போவுல எடமிருக்குதான்னு கேட்டாராம்.

இன்னிக்கு வர்றாங்க. மாப்பிள்ளைதான் கேனையெல்லாம் எறக்கி வெச்சுட்டு அவங்கள ஏத்தியாறாரு. நான் வாயத் தொறக்க மாட்டேன், சத்தியம் இருக்குது. எதுத்தாப்பல டீக்கடையில நின்னு, எம்மக படியேறறதப் பாப்பேன். அவ்வளவுதான். அத நெனச்சாலே... இருங்க, கண்ணுல தூசி. அட, தூசியெல்லாம் இல்ல, அழுகைதானுங்க.

ஒண்ணே ஒண்ணுதான் எனக்குப் புடிக்கல. காலையில போன்ல மனுவப் படிச்சுக் காட்டுனா. எல்லாம் பிரமாதம். கடைசி வரியில கொண்டு போய்க் கெடுத்துட்டா. "பட்டறைகளை எங்கள் ஊரைவிட்டு வெளியேற்ற வேண்டாம். இங்கேயே வைத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்ய வைக்க வேண்டும். வேறு ஊருக்குப் போக விடக் கூடாது." இது ஒரு மனுவாங்க? வெரட்டோணும்னு எழுது பாப்பா, எங்கப்பன் ஏழு பேர வெரட்டுனவருன்னு எழுதுன்னேன். "நீங்க வெரட்டுனீங்கப்பா, அது எங்க வந்துது?"ன்னு கேட்டா. கேட்டுட்டுப் போன வெச்சுட்டா. அனுபவம் பத்தாது அவளுக்கு. கூட்டத்துக்கு இன்னும் அரை மணி இருக்குது. எறங்குனதும் அவளப் புடிச்சு அந்த வரிய அடிக்கச் சொல்லப் போறேன். அது மனு எழுதறதுல சேராதுல்லீங்க, அடிக்கறதுதானே? சத்தியத்துல வராது.

என்னையப் பத்தியே சொல்லிட்டு இருக்கேன் பாருங்க. உங்களுக்கு எந்தூருங்க? தாழக்கரைப்புதூரா? வாய்க்காக் கடைமடையில, தென்னந்தோப்பா இருக்குமே, அதுதானே! கொழந்தைங்க இருக்குதுங்களா? ரெண்டும் பொண்ணா? நல்லாருக்கோணும். உங்கூரு எனக்கு நல்லாத் தெரியும் தம்பி, நேர்ல வந்ததில்லீன்னாலும். அந்த மேப்பு எனக்கு மனப்பாடம். தெக்கால மூலையில, வெள்ளக்கல்பாளையத்துக்கு ரெண்டு வெரல் தள்ளி. உங்கூர்ல ஒத்த ஊசிகூட...

ஒத்த ஊசிகூட இல்லீங்களே தம்பி.

விசிலு குடுத்துட்டாங்க, ஸ்டாப்பு வந்துருச்சு. அங்க பாருங்க, வரிசையில முன்னால பச்சைச் சேலை, அதுதான் எம்மக. என்னையத்தான் பாக்கறா. அடிக்க வேண்டாங்க. அந்தக் கடைசி வரி இருக்கட்டும்.